டிப்ஸ்ரிக்கில் ஏறிய எண்ணெய்

பெரியப்பா ஒவ்வொரு நாளும் விடியப்புறம் தன்னுடைய ஒஸ்ரின் சமர்செற்றின் பொனற்றைத் திறந்து டிப்ஸ்ரிக்கை இழுப்பார். துணியில் துடைத்துவிட்டு மறுபடி செருகி எடுத்து, கிழக்குப் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடிப்பார். 1990களின் நடுப்பகுதி அது. வன்னியில் இருக்கிற எங்கள் முள்ளியவளையில் பெற்றோல் மருந்து மாதிரி. போத்தலில் அளந்துதான் வரும். கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு கிழமை ஓடின பிறகு பார்த்தால் குச்சியில் எண்ணெய் மட்டம் ஏறியிருந்தது. "எண்ணெய் கூடியிருக்குப் பெரியப்பா" என்றேன், பெரிய இலாபம் கிடைத்த மாதிரி. அவர் குச்சியின் நுனியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்த்து என் மூக்குக்குக் கிட்டே நீட்டினார். மண்ணெண்ணெய் மணம். விரல் இரண்டும் ஒன்றோடொன்று வழுக்காமல் உரசின. "கூடேல்லையடா. உள்ளுக்கை எண்ணெய் செத்துப் போச்சு. இனி பெயாரிங்கைத் தின்னும்" என்றார்.

பழைய வாகனம் ஒன்றை வைத்திருக்க என்ன செலவாகும் என்று யார் என்னிடம் கேட்டாலும் அந்த விரல் இரண்டும்தான் நினைவுக்கு வரும். ரொறன்ரோவில் இருக்கிற மருமகன் பழைய பொக்ஸ்ரர் கார் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டபோதும் அப்படித்தான். தண்ணீரூற்றில் இருக்கிற அயலவர் பத்து வருடம் ஓடின அக்குவா ஹைபிரிட் கார் ஒன்றுக்குக் காணியை ஈடு வைக்க யோசித்தபோதும் அப்படித்தான். இரண்டு பேரும் விலையைத்தான் கேட்டார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்டது ஒன்றே: அதனுடைய நோயை மணந்து சொல்லக்கூடிய ஆள் உங்களுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?

சமர்செற்றை ஒஸ்ரின் நிறுவனம் 1952 தொடக்கம் 1954 வரைதான் செய்தது. 1200 சிசி, நாலு சிலிண்டர், கியர்க் கம்பி ஸ்ரியறிங்கோடு இருக்கும். ஏ40, ஏ50 கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்று அந்தத் தலைமுறைக் கார்கள் வைத்தியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் கடைக்காரருக்கும் என்று இலங்கையின் வடக்கு முழுக்க வந்திறங்கின. பிறகு அவை வாடகைக் கார்களாக மாறின. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டபோது பழசையே பேணிப் பழகினோம். 1977க்குப் பிறகு ஜப்பான் வாகனங்கள் வரத் தொடங்கின. வடக்கில் அவை பரவி முடிய முதலே யுத்தம் வந்துவிட்டது. அதனால் இங்கிலாந்தில் நூதனசாலைக்குப் போயிருக்க வேண்டிய கார், வன்னியில் கலியாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை, வன்னியைப் பொறுத்தவரை 2002இல் ஏ9 பாதை திறக்கும் வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் மட்டும் ஏதோ விலைக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் கற்ற பொறியியலை நான் மதிப்போடுதான் நினைக்கிறேன். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. சூடேறின எஞ்சினில்தான் எரியும். ஆகவே பொனற்றுக்குள் சேலைன் போத்தல் ஒன்றைத் தூக்கிக் கட்டி, அதன் குழாயால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுப்பார்கள். தண்ணீர் சூடானதும் குழாயை நெரித்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்த முன்னர் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றினால்தான் மறுநாள் காபரேற்றருக்குள் பெற்றோல் இருக்கும். அதற்கு வசதியில்லாவிட்டால் காலையில் சிரிஞ்சியால் காபரேற்றரின் வாய்க்குள் பீச்ச வேண்டும். பற்றரி சோர்ந்து போனவர்களுக்கு முன் பம்பருக்கு மேலே துளை இருந்தது. இரும்புக் கைபிடியைச் செருகிச் சுற்றினால் எஞ்சின் விழிக்கும்.

இது வன்னி மட்டும் கண்ட வித்தை என்று நாங்கள் நினைத்திருந்தோம். இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, இதே முறையில் ஓடுவதற்கென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்று பிற்காலத்தில்தான் அறிந்தேன். பெற்றோலில் தொடங்கி, சூடேறினதும் மண்ணெண்ணெயைப் போன்ற மலிவு எண்ணெய்க்கு மாற்றும் வகை அது. அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதத்தை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்திருந்தார்கள். சமர்செற்றின் அமுக்க விகிதமும் ஏழுக்குச் சற்று மேல்தான். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. மண்ணெண்ணெய் போட்டால் எஞ்சின் தட்டும். டிஸ்ரிபியூற்றரை ஒரு விரற்கடை திருப்பி நெருப்பைப் பிந்த வைத்தால் தட்டல் அடங்கும். அயலவர் கேட்ட அக்குவாவின் எஞ்சினுக்கு அமுக்க விகிதம் 13.4. அதைத் திருப்பி வைக்க டிஸ்ரிபியூற்றர் என்று ஒன்றே இல்லை.

ஆனால் இதற்கெல்லாம் கூலி கொடுத்தது எஞ்சின். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து எண்ணெயில் கலந்தது. பிளக்குகள் கரி பிடித்தன, வால்வுகள் கருகின, பின்னால் வந்த வெள்ளைப் புகையில் சைக்கிள்காரர் இருமினார்கள். பெரியப்பா ஐந்நூறு கிலோமீற்றருக்கு ஒருக்கால் எண்ணெயை வடித்து, துணியில் வடிகட்டி, மண்ணெண்ணெய் போக மெல்லக் காய்ச்சி மறுபடி ஊற்றுவார். காய்ச்சிய எண்ணெய் நல்ல எண்ணெயாகாது என்று அவருக்குத் தெரியும். வேறு எண்ணெய் இல்லை.

உதிரிப்பாகத்தின் கதை வேறு. கொழும்பில் பஞ்சிகாவத்தை இருக்கிறது. பழைய வாகனத்தின் எந்தத் துண்டும் அங்கே ஒரு கடையின் பின்னறையில் தூசியோடு கிடக்கும் என்பார்கள். பாதை திறந்திருந்த காலங்களில் கழன்ற துண்டைச் சாக்கில் சுற்றி, 'இதைப்போல ஒண்டு' என்று சொல்லி பஸ்ஸில் கொடுத்து விடுவோம். சென்னையில் புதுப்பேட்டை அந்த மாதிரி. கேம்பிரிட்ஜும் ஒக்ஸ்போட்டும் வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. இந்தியாவின் அம்பாசடர் என்பது மூன்றாம் வரிசை மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வாரிசு. அதே 1489 சிசி எஞ்சின் அதிலும் நெடுங்காலம் இருந்தது. 2014 வரை அந்தக் காரைச் செய்தார்கள். ஆகவே இங்கிலாந்து கைவிட்ட துண்டு இந்தியாவில் புதிதாகக் கிடைத்தது. மொறிஸ் மைனருக்கு இலங்கையே வழி செய்தது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர், 1990களில் இங்குள்ள பங்காளியோடு சேர்ந்து மொறிஸ் மைனரின் உடற்தகடுகளையும் உதிரிப்பாகங்களையும் இலங்கையில் செய்வித்து இங்கிலாந்துக்கே ஏற்றினார். கைத்தொழில் செத்துவிட்டது என்று சொல்லப்பட்ட ஒரு நாட்டுக் கம்மியர்கள், காரைப் பிறப்பித்த நாட்டுக்கு அதன் துண்டுகளை அனுப்பினார்கள். இந்தச் செய்தியை நான் எங்கு சொன்னாலும் பெருமையோடுதான் சொல்லுவேன்.

பாதை மூடிக் கிடந்த காலத்தில் எங்களுக்கு மிஞ்சியது லேத் பட்டறை ஒன்றுதான். புஷ், பின், வால்வுக் கைட் எல்லாவற்றையும் தேய்ந்த மாதிரியைப் பார்த்துக் கடைந்து கொடுப்பார்கள். அளவு தெரிய வேண்டும், இரும்பு தெரிய வேண்டும். கணினி வேண்டியதில்லை. ஒரு சமர்செற்றின் ஆயுள் அந்த லேத்காரரின் கண்ணில் இருந்தது.

மருமகன் கேட்ட காருக்கு வருகிறேன். பொக்ஸ்ரரும் அதன் அண்ணன் 911இன் 996 வகையும் 1990களின் கடைசியில் வந்தவை. இன்று பழைய கார்ச் சந்தையில் ஓரளவு வசதியுள்ள இளைஞன் ஒருவன் எட்டிப் பிடிக்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டன. அவற்றின் எஞ்சினுக்குள் நடுத்தண்டு ஒன்றைத் தாங்கும் சிறிய பெயாரிங் இருக்கிறது. அது உடைந்தால் இரும்புத் தூள் எண்ணெயோடு ஊர்முழுக்கப் போய் முழு எஞ்சினையும் தின்றுவிடும். அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடர்ந்து 2013இல் இணக்கத் தீர்வு கண்டார்கள். எல்லாக் காருக்கும் இது வருவதில்லை. வருமா என்று முன்கூட்டி அறிய அனுபவமுள்ள மெக்கானிக்குகள் செய்வது, எண்ணெய் வடிகட்டியை வெட்டி விரித்து மடிப்புகளுக்குள் மினுங்கும் துகள் இருக்கிறதா என்று பார்ப்பது. கிளச் மாற்றக் கழற்றும்போது அந்தப் பெயாரிங்கையும் மாற்றிவிடச் சொல்லுவார்கள். ரொறன்ரோவிலும் அந்த மெக்கானிக் விரலால் எண்ணெயைத்தான் தேய்த்துப் பார்க்கிறார்.

பெராரியின் எப்355 இதைவிடப் பெரிய பாடம். 3.5 லீற்றர், எட்டுச் சிலிண்டர், நாற்பது வால்வு. அந்த வால்வுகளை ஓட்டும் பட்டிகளைச் சில வருடங்களுக்கு ஒருக்கால் மாற்றியே ஆகவேண்டும், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும். பட்டி பெரிய விலையில்லை. ஆனால் அதை எட்ட முழு எஞ்சினையும் காரிலிருந்து கீழே இறக்க வேண்டும். செலவு அந்த இறக்கி ஏற்றும் வேலையில்தான். அடுத்து வந்த 360இல் இருக்கைக்குப் பின்னால் கதவு வைத்து வழி விட்டார்கள். எப்430இல் பட்டியை விட்டுச் சங்கிலிக்கு மாறினார்கள். பழைய ஆடம்பரக் கார் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். காரின் விலை பெரும்பாலும் வருடத்துக்கு வருடம் இறங்கும். அதற்குச் செய்ய வேண்டிய வேலையின் விலை இறங்காது. புதுக் காராக இருந்தபோது கேட்ட கூலியைத்தான் பழசானபோதும் கேட்கும்.

இலங்கையில் நிலைமை இன்னும் வித்தியாசம். இங்கே காரின் விலையே இறங்குவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் ரூபா விழுந்தது. தனியார் வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில், அதுவும் பெரும் வரியோடு. இடைப்பட்ட ஐந்து வருடமும் பழைய வாகனம் நகை மாதிரி ஆகிவிட்டது. பத்து வருடம் ஓடின காரை வாங்கின விலைக்கு மேலே விற்றவர்களை எனக்குத் தெரியும். ஆகவே முள்ளியவளையில் பழைய கார் வாங்குகிறவர் புதுக்காருக்குரிய விலையையும் கொடுத்து, பழைய காருக்குரிய நோயையும் சேர்த்து வாங்குகிறார். அதற்கு மேல் லீசிங் வட்டி. கார் கராஜில் கிடந்தாலும் தவணை நிற்காது. வன்னியில் கடன் எத்தனை குடும்பத்தைக் கலைத்தது என்று கண்டவன் நான். பராமரிப்புச் செலவைக் கணக்கிடும்போது வட்டியை வெளியே விட்டுவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

எரிபொருளும் அப்படித்தான். 2022 யூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. பிறகு கியூஆர் அட்டை வந்து கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்தார்கள். எங்கள் ஊரில் பெற்றோல் வரிசையில் நின்ற முதியவர்களுக்கு அது புதிதாக இருக்கவில்லை. அந்த நாட்களில்தான் ஹைபிரிட் கார்களின் மேல் எல்லோருக்கும் கண் போனது.

அக்குவாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று வன்னி வீதிகளில் பழைய கார் என்றால் அதுவும் வகன் ஆரும்தான். 2011 கடைசியில் ஜப்பானில் வந்த கார் அது. இங்கே சில வருடங்கள் ஓடியவையாக வந்திறங்கி, இப்போது பத்து வருடம் தாண்டிவிட்டன. பின் இருக்கைக்குக் கீழே 144 வோல்ற் பற்றரி இருக்கிறது: 7.2 வோல்ற் உள்ள இருபது துண்டுகள் வரிசையாக. அதைக் குளிராக்க ஒரு சிறு விசிறி, இருக்கைப் பக்கத்தில் இருக்கும் துவாரத்தால் காருக்குள் உள்ள காற்றை இழுக்கிறது. ஜப்பானில் அது சுத்தமான காற்று. ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிறவல் வீதியில் யன்னலைத் திறந்துகொண்டு போனால் அது சிவப்புத் தூள். வடிகட்டி அடைத்தால் காற்று போகாது, பற்றரி சூடாகும், சூடான பற்றரி முந்திச் சாகும். நான் கண்ட ஒரு காரின் விசிறியைக் கழற்றியபோது இறகுகளுக்கிடையில் தூசியும் பிள்ளைகளின் பிஸ்கற் துகளும் நாய் மயிரும் சேர்ந்து கம்பளி போல் இறுகியிருந்தது. கடனுக்கு வாங்கிய பற்றரி ஒன்றைக் கொன்றது அந்தக் கம்பளிதான். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் ஐந்து நிமிடம் துடைத்திருந்தால் போதும்.

பற்றரி பழுதானால் முழுதாக மாற்றுவதா, சோர்ந்த துண்டை மட்டும் மாற்றுவதா என்பது இப்போது எல்லாக் கராஜிலும் நடக்கும் வாக்குவாதம். என் தீர்ப்பு இது: பத்து வருடம் ஒன்றாகக் கிழண்ட இருபது துண்டில் ஒன்றை மாற்றினால் மிச்சம் பத்தொன்பதும் வரிசையில் நிற்கின்றன. காரை விற்கப் போகிறவருக்கு அது வழி. வைத்திருக்கப் போகிறவருக்கு வழியில்லை. எதைச் செய்தாலும், பற்றரியிலிருந்து வரும் செம்மஞ்சள் வயர்களில் ஓடும் மின்சாரம் ஆளைக் கொல்லும். பாதுகாப்பு அடைப்பானைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருக்காமல் கை வைக்கக்கூடாது. ஹொன்டா வெசல், பிற் ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு வேறு தலையிடி. அவற்றின் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸுக்காக ஜப்பானிலேயே 2013, 2014இல் திரும்பத் திரும்பக் கார்களை அழைத்துத் திருத்தினார்கள். வாங்க முன் அந்தத் திருத்தம் நடந்ததா என்று கேளுங்கள்.

வன்னிக்கென்றே இருக்கிற நோய்களும் உண்டு. முல்லைத்தீவுக் கடற்காற்றின் உப்பு கதவின் அடி விளிம்பை உள்ளேயிருந்து அரிக்கும். மேலே பெயின்ற் பளபளக்கும், விரல் நகத்தால் குத்தினால் உள்ளே போகும். அறுவடை முடிந்து வயல் எலிகள் வீட்டுக்கு வரும் மாதங்களில் பொனற்றுக்குள் கூடு கட்டி வயரைக் கடிக்கும். 2018 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்றில் மூழ்கிய காரைக் கழுவி மினுக்கி வேறு மாவட்டத்தில் விற்பார்கள். அதை அறிய ஆசனப் பட்டியை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளின் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். மீற்றரை நம்பாதீர்கள், ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருடத்து 23ஆம் கிழமை. பூவெல்லாம் புதிதாக நின்றாலும் வருடம் போனால் றப்பர் வெடிக்கும்.

வாகனப் பதிவுப் புத்தகத்தையும் பாருங்கள். 2008 கடைசியில் ஊரோடு இடம்பெயர்ந்து, 2009 மே வரை ஒவ்வொரு இடமாக இழுத்துப் போன வாகனங்கள் முள்ளிவாய்க்கால் வெளியில் எரிந்தும் கவிழ்ந்தும் கிடந்ததை நாங்கள் கண்டோம். மீட்டவற்றுக்குப் புத்தகம் இல்லை. புத்தகம் இருந்தவர்களுக்கு வாகனம் இல்லை. செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு பொருந்தாத வாகனம், எவ்வளவு மலிவானாலும், வாங்கினவரை அலுவலகம் அலுவலகமாக அலைக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி விட்டுப்போகும் கார்களைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. ஆவணி விடுமுறைக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஓடும். மிச்ச மாதங்கள் தறப்பாளின் கீழ். பெற்றோல் பழுதாகும், பிரேக் சிலிண்டர் துருவேறி இறுகும், ரயர் ஒரு பக்கம் தட்டையாகும், ஹைபிரிட் பற்றரி தன்பாட்டில் வடியும். ஆடம்பரக் கார் உலகத்திலும் இதேதான்: மிகக் குறைவாக ஓடின கார்தான் முதல் வருடத்தில் அதிகம் செலவு வைக்கிறது. கிழமைக்கு ஒருக்கால் மாங்குளம் மட்டும் போய்வர அயலில் ஒரு பிள்ளையிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தண்ணீரூற்று அயலவர் கடைசியில் அக்குவாவை வாங்கினார். வாங்க முன் நாங்கள் அதைக் கொண்டு போனது, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து சிறு கராஜ் வைத்திருக்கும் ஒரு தம்பியிடம். அவன் மடிக்கணினியைச் செருகி இருபது துண்டின் வோல்ற்றையும் ஒவ்வொன்றாக வாசித்தான். இரண்டு துண்டு மற்றவற்றைவிடச் சோர்ந்திருந்தன. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தோம். பிறகு அவன் கணினியை மூடிவிட்டுப் பொனற்றைத் திறந்தான். டிப்ஸ்ரிக்கை இழுத்து, துணியில் துடைத்து, மறுபடி செருகி எடுத்து, நுனியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்த்து மணந்து பார்த்தான். "எண்ணெய் நல்லா இருக்கு அண்ணை" என்றான்.